குத்துக்கு அகப்படாத வில்லன்

என் ஸ்கிரிப்ட்டை ஓவியர் திருப்பிக் கொடுத்தபோது அதில் மூன்றே மூன்று இடங்களில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். 22 பக்கக் கதைக்கு மூன்று வட்டம்தானா என்று எனக்கு உள்ளூர ஒரு குதூகலம். கிட்டத்தட்டத் தேறிவிட்டோம் என்று நினைத்தேன். "நான் தப்புகளுக்கு வட்டம் போடவில்லை" என்றார் அவர். "அந்தப் பையன் வாய் திறக்கிற இடங்களுக்குப் போட்டேன். மூன்று முறை பேசுகிறான். அதில் இரண்டு அலறல்."

அமெரிக்காவில் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குக் காமிக்ஸ் எழுதும் ஆசை முற்றியது. பொது நூலகம் ஒன்றில் சனிக்கிழமைகளில் நடந்த ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு ஒரு கோடுகூட நேராக வரவில்லை. வகுப்பை நடத்தியவரின் நட்புதான் கிடைத்தது. ஐம்பதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி, விளம்பரப் படங்களுக்கு ஸ்டோரிபோர்டு வரைந்தே காலத்தை ஓட்டியவர். 2020 கோடையில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரை ஒரு போலீஸ்காரர் கொன்ற பிறகு ஜனங்கள் தெருவில் நின்றுகொண்டிருந்த நாட்களில், "நீ எழுது, நான் வரைகிறேன்" என்றார். போலீஸ் ஊழலும் இனவெறியும் பின்னிக்கிடக்கும் ஒரு சூப்பர்ஹீரோ கதை. ஒரே இதழ். முடிக்க 14 மாதம் ஆனது. இதேமாதிரிக் கதையில் கைவைக்க நினைப்பவர்களுக்கு நான் சொதப்பிய இடங்கள் உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் வரைவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும். கற்பனை நகரம். குண்டு துளைக்காத தோல் கொண்ட கறுப்பின இளைஞன்தான் நாயகன். வெள்ளைக்கார சார்ஜென்ட் வில்லன். கடைக்காரர்களிடம் மாமூல் வாங்குகிறான், டேரியஸ் என்ற 16 வயதுப் பையனை அடித்துப் போதைப்பொருள் கேஸில் மாட்டிவிடுகிறான். 20-ஆம் பக்கத்தில் நாயகன் விட்ட குத்தில் சார்ஜென்ட் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். 22-ஆம் பக்கத்தில் அவனுக்கு விலங்கு. நேர்மையான கமிஷனர் வந்து நாயகனோடு கைகுலுக்குகிறார். சுபம்.

ஓவியர் காபியை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "குண்டு துளைக்காத கறுப்பு நாயகன் 1972-லேயே வந்துவிட்டான், பெயர் லூக் கேஜ். அது போகட்டும். இந்த முடிவை நீ எழுதவே இல்லை, தெரியுமா? 1971-இல் எழுதி வைத்துவிட்டார்கள்."

புரியாமல் விழித்தேன். பிறகு தேடிப் படித்ததும் முகத்தில் அறைந்தது போல இருந்தது. 1954-இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள், அரசு கத்தரியைத் தூக்குமுன் தாங்களே முந்திக்கொண்டு காமிக்ஸ் கோட் என்ற விதித்தொகுப்பை வைத்துக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள், நீதிபதிகள், அரசு அதிகாரிகள் யாரையும் அதிகாரத்தின் மீது அவமரியாதை வரும்படி காட்டக்கூடாது என்பது அதில் ஒரு விதி. 1971-இல் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். போலீஸ்காரர் சட்டத்தை மீறுவதாகக் காட்டலாம். ஆனால் அது விதிவிலக்கான சம்பவம் என்று சொல்லிவிட வேண்டும், செய்தவர் சட்டப்படி தண்டனை பெற்றாக வேண்டும். என் கதையில் ஒரு சார்ஜென்ட் மட்டும் கெட்டவன், கமிஷனர் தங்கம், கடைசிப் பக்கத்தில் விலங்கு. மார்வெல் என்ற பெரிய காமிக்ஸ் பதிப்பகம் 2001-இல் அந்த விதித்தொகுப்பைக் கைவிட்டது, 2011-இல் மிச்சமிருந்தவர்களும் விட்டுவிட்டார்கள். செத்துப்போன விதிக்கு நான் 2020-இல், யாரும் கேட்காமலே, ஒழுங்காகக் கீழ்ப்படிந்திருந்தேன்.

அந்த விதித்தொகுப்பின் காலத்துக் கதை ஒன்றை ஓவியர் அடிக்கடி சொல்வார். பில் கெய்ன்ஸ் என்ற பதிப்பாளர் 1953-இல் வெளியிட்ட ஓர் அறிவியல் கதையின் கடைசிக் கட்டத்தில் விண்வெளி வீரர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார், அவர் கறுப்பினத்தவர். 1956-இல் மறுபதிப்புச் செய்யப் போனபோது தணிக்கை நடத்தியவர் அந்த முகத்தை மாற்றச் சொன்னார். மாற்றினால் கதையே இல்லை. கெய்ன்ஸ் மறுத்து அப்படியே அச்சிட்டார். "ஒரு குத்து கிடையாது, ஒரு துப்பாக்கி கிடையாது. ஒரு முகம். அதற்கே அந்தப் பாடு" என்பார்.

ஆகவே முதல் பாடம் இது. உங்கள் கதையில் தப்புச் செய்தவன் தனி ஆளா? தண்டனை கடைசிப் பக்கத்தில் வந்து சேர்ந்துவிடுகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், நீங்கள் எழுதியதை ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

எனக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. நம் சினிமாவில் என்கவுன்டர் காட்சிக்கு விசில் அடித்து வளர்ந்தவன் நான். நேர்மையான அதிகாரி சட்டப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு லத்தியை எடுக்கும்போது கைதட்டுகிற பழக்கம், அமெரிக்கா வந்ததும் மறைந்துவிடாது. சூப்பர்ஹீரோவும் யோசித்துப் பார்த்தால் அதே சங்கதிதான். முகமூடி, வாரன்ட் கிடையாது, சந்தேகப்பட்டவனை மாடியிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டு உண்மையைக் கறப்பது. அதையே சீருடை போட்டவன் செய்தால் அதற்கு என்ன பெயர்?

இது வெறும் வாதம் இல்லை. 1974-இல் பனிஷர் என்ற பாத்திரம் அறிமுகமானான். தீயவர்களைத் தானே சுட்டுக்கொல்லும் ஆள், மார்பில் மண்டையோடு. அந்த மண்டையோட்டை அமெரிக்கப் போலீஸார் சிலர் ஸ்டிக்கராகத் தங்கள் வண்டிகளில் ஒட்டிக்கொண்டார்கள். 2019-இல் வந்த ஓர் இதழில் பனிஷரே அந்த ஸ்டிக்கரைக் கிழித்தெறிந்து போலீஸ்காரர்களைத் திட்டுகிறான். பாத்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெரி கான்வே 2020-இல் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டு அந்தச் சின்னத்தை வேறு விதமாக வரையவைத்து, இனவெறிக்கு எதிரான இயக்கத்துக்கு நிதி திரட்டினார். ஆனாலும் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் கதையைத் தவறாகப் படித்தார்கள் என்று என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. 'விதி எனக்குப் பொருந்தாது, நான் நல்லவன்' என்பதை அவர்கள் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் என் நாயகன் குத்தக்கூடாது. குத்தாத சூப்பர்ஹீரோவை வைத்து என்ன செய்வது என்று இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டு மாதத்தில் படித்ததுதான் கதையைக் காப்பாற்றியது. ஃபிராங்க் செர்பிகோ என்ற நியூயார்க் போலீஸ்காரர் சக போலீஸாரின் லஞ்சத்தை வெளியே சொன்னார். 1971-இல், போலீஸ் ஊழலை விசாரித்த நேப் கமிஷன் முன் சாட்சியம் அளித்தார். 1972-இல் வந்த கமிஷனின் அறிக்கை ஊழல் போலீஸாரை இரண்டு வகையாகப் பிரிக்கிறது: இறைச்சி தின்பவர்கள், புல் மேய்பவர்கள். இறைச்சி தின்பவர்கள் வேட்டையாடிக் கொள்ளையடிப்பவர்கள், எண்ணிக்கையில் குறைவு. புல் மேய்பவர்கள் தானாக வருகிற மாமூலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள். எந்த வகை பெரிய பிரச்சினை என்று கேட்டால், இரண்டாவதைத்தான் அறிக்கை சொல்கிறது. அவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் ஊழல் ஒரு கௌரவமான பழக்கமாகிவிடுகிறது. நான் எழுதியிருந்த சார்ஜென்ட் சுத்தமான இறைச்சி கேஸ். அவனைச் சுற்றிப் புல்லே இல்லை. தரிசு நிலத்தில் ஒரு சிங்கம் நிற்கிற மாதிரி.

அடுத்து பால்டிமோர் நகரம். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பிடிக்க அமைக்கப்பட்ட தனிப்படையின் அதிகாரிகளையே 2017 மார்ச்சில் மத்திய அரசு கைது செய்தது. சோதனை என்ற பெயரில் ஜனங்களின் பணத்தைத் திருடினார்கள். தேவைப்பட்டால் யார் மேலாவது போட்டுவிட்டுப் போக வசதியாகப் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்தார்கள் என்று நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. படைத்தலைவருக்கு 25 ஆண்டு சிறை. அதில் சிக்கியவர்களில் வெள்ளையரும் உண்டு, கறுப்பினத்தவரும் உண்டு. என் கதை 'வெள்ளைப் போலீஸ், கறுப்புப் பையன்' என்ற ஒற்றைக் கோட்டில் நின்றது ஏன் பலவீனம் என்று அப்போதுதான் புரிந்தது. ஊழல் செய்ய ஓர் இரை வேண்டும். யார் போய்ப் புகார் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்களோ, அவர்தான் நல்ல இரை. அந்தப் பட்டியலை இனவெறி பல தலைமுறைகளாகத் தயாராக வைத்திருக்கிறது. அடிக்கிறவனின் மனதில் என்ன வெறுப்பு இருக்கிறது என்பது அப்புறம். யாருடைய வார்த்தைக்கு மதிப்பு இல்லை என்பதை அவன் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறான்.

இந்த இடத்தில்தான் வில்லனைக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வேண்டும். சார்ஜென்ட் இல்லை. சார்ஜென்ட் எழுதிய ரிப்போர்ட்.

2014 அக்டோபரில் சிகாகோவில் 17 வயது லக்வான் மெக்டொனால்டை ஒரு போலீஸ்காரர் 16 முறை சுட்டார். பையன் கத்தியோடு தங்களை நோக்கி வந்தான் என்று போலீஸ் ரிப்போர்ட்டுகள் சொன்னன. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2015 நவம்பரில், ஓர் ஆண்டுக்கு மேல் கழித்து, வீடியோ வெளிவந்தது. அதில் பையன் விலகி நடந்துகொண்டிருக்கிறான். ஜார்ஜ் ஃபிளாய்ட் விஷயத்திலும் மினியாபொலிஸ் போலீஸ் முதலில் வெளியிட்ட செய்திக்குறிப்பு, மருத்துவக் கோளாறு காரணமாக ஒருவர் இறந்தார் என்ற ரீதியில்தான் இருந்தது. கழுத்தில் இருந்த முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெருவில் நின்ற 17 வயதுப் பெண்ணின் செல்போன் இல்லாவிட்டால் அந்தக் குறிப்புதான் வரலாறு.

இதை ஓவியரிடம் சொன்னபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். "காமிக்ஸில்தானே இதைச் செய்ய முடியும்! மேலே எழுத்து, கீழே படம். எழுத்து ஒன்று சொல்லட்டும், நான் வேறு ஒன்று வரைகிறேன்." நாவலில் பொய்யை முதலில் சொல்லி உண்மையைப் பிறகு சொல்ல வேண்டும். சினிமாவில் பின்னணிக் குரல் ஓடிவிடும், திரும்பிப் பார்க்க முடியாது. காமிக்ஸ் கட்டத்தில் பொய்யும் உண்மையும் ஒரே சதுரத்துக்குள் அருகருகே உட்கார்ந்திருக்கும். வாசகர் எத்தனை நேரம் வேண்டுமானாலும் இரண்டையும் மாறிமாறிப் பார்க்கலாம். எங்கள் இதழின் 9, 10-ஆம் பக்கங்கள் அப்படித்தான் வந்தன. தட்டச்சு எழுத்தில் ரிப்போர்ட் வரி: 'சந்தேக நபர் ஒத்துழைக்க மறுத்தார்.' படத்தில் இரண்டு கைகளையும் தூக்கியபடி டேரியஸ். 'குறைந்தபட்ச பலம் பயன்படுத்தப்பட்டது.' நடைபாதையில் ஒற்றை ஷூ, வேறொன்றும் இல்லை. 'நபரிடமிருந்து பொட்டலம் கைப்பற்றப்பட்டது.' போலீஸ் காரின் டேஷ்போர்டுப் பெட்டி திறந்திருக்கிறது.

ரிப்போர்ட் மொழியை எழுதப் பழகுவது தனி வித்தை. அதில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாக நடக்கிறது. பலம் பயன்படுத்தப்படும், ஆயுதம் வெடிக்கும், நபர் உயிரிழப்பார். தமிழிலும் 'சுட்டார்' என்பதை 'துப்பாக்கிச் சூடு நடந்தது' என்று மாற்றினால் ஆள் காணாமல் போய்விடுகிறாரே, அதேதான். எழுவாயை எடுத்துவிட்டால் குற்றவாளியையும் எடுத்தாயிற்று. நான் முதலில் ரிப்போர்ட்டைக் கொடூரமான தொனியில் எழுதியிருந்தேன். சலிப்பான தொனியில் திருப்பி எழுதியதும்தான் படிக்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

வில்லன் காகிதம் என்றானதும் நாயகி தானாக வந்தாள். பெயர் ரூத். நாற்பது வயதுக்கு மேல், நீதிமன்றத்தில் ஸ்டெனோகிராபர். யார் என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் பதிவு செய்வது அவள் தொழில். சுவரில் உள்ளங்கையை வைத்தால் அந்தச் சுவர் முன்பு கேட்ட பேச்செல்லாம் அவளுக்குக் கேட்கும், அதுதான் சக்தி. டேரியஸுக்கு என்ன நடந்தது என்று 6-ஆம் பக்கத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் 'சுவர் சொன்னது' என்று எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்ல முடியாது. உண்மை கையில் இருக்கிறது, ஆதாரம் இல்லை. இந்தக் கதைக்குப் பொருத்தமான சக்தி எது என்று என்னைக் கேட்டால், பிரச்சினையைத் தீர்க்காத சக்திதான் என்பேன்.

ஓசையில்லாத கலையில் ஓசைச் சக்தியை வைத்துவிட்டு நாங்கள் பட்ட பாடு வேறு கதை. கடைசியில் பழைய பேச்சுகளுக்குப் பலூன் கோடு போடாமல், எழுத்தைச் சாம்பல் நிறத்தில் சுவரின் விரிசலோடு ஓடவிட்டார். இனவசைச் சொல் வரும் இடத்தில் எழுத்தைக் கட்டத்தின் ஓரம் வெட்டிவிடும். மீதியைப் படிக்கிறவர் மனம் முடித்துக்கொள்ளும். அந்தச் சொல்லை நான்கு இடத்தில் முழுசாக எழுதியிருந்தேன், யதார்த்தம் என்று சொல்லிக்கொண்டு. "உனக்கு அது யதார்த்தம். எனக்கு அதைக் கையால் எழுத வேண்டிய வேலை" என்றார். அதற்குமேல் வாதாடவில்லை.

சரி, காகிதத்தை எப்படித் தோற்கடிப்பது? இங்கே ஒரு ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி உதவினார். தெரிந்தவர் வழியாக ஸ்கிரிப்ட்டைக் கொடுத்தோம். முகம் சுளிப்பார் என்று பயந்தேன். "உன் கதையில் ஒருவனாவது ஓவர்டைம் படிவம் நிரப்புகிறானா?" என்றுதான் கேட்டார். "எங்கள் காலத்தில் பாதித் திருட்டு அங்கேதான்." பால்டிமோர் வழக்கிலும் பொய் ஓவர்டைம் ஒரு முக்கியக் குற்றச்சாட்டு. சக போலீஸ்காரர் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதற்கும் அவர் சொன்ன காரணம் நான் நினைத்ததைவிட எளிமையாக இருந்தது. நாளைக்கு ஆபத்தில் ரேடியோவில் கூப்பிட்டால் யாராவது வர வேண்டுமே! செர்பிகோ 1971 பிப்ரவரியில் ஒரு போதைப்பொருள் சோதனையில் முகத்தில் சுடப்பட்ட விஷயத்தை அவரே நினைவுபடுத்தினார்.

அதிலிருந்து எங்கள் முடிச்சு பிறந்தது. டேரியஸை 3:10 மணிக்குக் கைது செய்ததாக ரிப்போர்ட். அதே நாள் மதியம் முழுக்க, இன்னொரு வழக்குக்காகக் கோர்ட்டில் காத்திருந்ததாகச் சார்ஜென்ட்டின் ஓவர்டைம் படிவம். அந்தக் கோர்ட் அறையில் அன்று பதிவு எழுதியவள் ரூத். அவளுடைய பதிவில் அந்த வழக்கு காலையிலேயே ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு காகிதத்திலும் அவன் கையெழுத்து, ஒன்று பொய். டேரியஸுக்காக வாதாட அரசு அமர்த்திய வக்கீல் கேட்க வேண்டிய கேள்வியை அவளால் காட்ட முடிகிறது, சுவரின் துணை இல்லாமலே.

இதில் நான் செய்திருந்த சட்டப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன், பலரும் செய்வதுதான். 'குவாலிஃபைட் இம்யூனிட்டி' என்று கேள்விப்பட்டு, நீதிபதி அதைச் சொல்லிச் சார்ஜென்ட்டை விடுதலை செய்வதாக எழுதியிருந்தேன். அது நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கிலிருந்து அதிகாரியைக் காப்பாற்றுவது. கிரிமினல் வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம், மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்து ஆளைத் தூக்கியடிப்பது போல நம் ஊர் பாணியில் ஒரு காட்சி. அமெரிக்காவில் சுமார் 18,000 போலீஸ் அமைப்புகள் இருக்கின்றன, ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி. அரசு வழக்கறிஞர் பெரும்பாலான இடங்களில் தேர்தலில் ஜெயித்து வருபவர். தினமும் அதே போலீஸாரை நம்பித்தான் அவர் வழக்கு நடத்த வேண்டும். அந்த நெருக்கத்தைக் காட்டாமல் 'ஏன் வழக்குப் போடவில்லை' என்று பாத்திரங்களைக் கத்தவிடுவதில் பயனில்லை. 1963-ஆம் ஆண்டின் பிரேடி தீர்ப்புதான் எங்களுக்குக் கைகொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக்கூடாது. சாட்சி சொல்லும் போலீஸ்காரர் பொய்யர் என்பதும் அப்படிப்பட்ட ஆதாரம்தான். ஒரு படிவத்தில் பொய் சொன்னது உறுதியானால், அவர் சாட்சி சொன்ன பழைய வழக்கெல்லாம் ஆட்டம் காணும். லாஸ் ஏஞ்சல்ஸில் ராம்பார்ட் பிரிவுப் போலீஸாரின் ஊழல் விவகாரம் வெடித்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட தண்டனைகள் ரத்தாகின.

ஆக, எங்கள் கதையில் சார்ஜென்ட் மாட்டுவது பையனை அடித்ததற்காக இல்லை, பொய்க் கணக்கு எழுதியதற்காக. ஓவியருக்கு இது கசந்தது. ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவரே சிகாகோ போலீஸ் அதிகாரி ஜான் பர்ஜை நினைவுபடுத்தினார். 1970-களிலிருந்து 1991 வரை நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் கறுப்பின ஆண்கள், அவரும் அவர் கீழிருந்தவர்களும் சித்திரவதை செய்ததாகப் புகார் சொன்னார்கள். 2010-இல் அவர் தண்டிக்கப்பட்டது சித்திரவதைக்காக அல்ல. அதற்கான காலவரம்பு கடந்துவிட்டது. அதைப் பற்றிப் பொய் சாட்சி சொன்னதற்காக. "கசக்கட்டும். அப்படியே வரைகிறேன்" என்றார்.

டேரியஸுக்கு வருகிறேன். மூன்று வட்டத்துக்குப் பிறகு நான் அவனுக்கு நிறைய நல்ல குணங்களைக் கொடுத்தேன். வகுப்பில் முதல் மாணவன், பாட்டிக்கு மருந்து வாங்கிக் கொடுப்பவன். "அவன் பையில் என்ன இருக்கிறது?" என்று ஓவியர் கேட்டார். பாடப்புத்தகம் என்றேன். "முதல் மார்க் வாங்காத பையனை அடித்தால் பரவாயில்லையா?" எனக்குப் பதில் இல்லை. நல்ல பிள்ளை என்று நிரூபித்தால்தான் இரக்கம் கிடைக்கும் என்பதும் அந்த ரிப்போர்ட்டின் மொழிதான், நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறோம், அவ்வளவே. எல்லாவற்றையும் அழித்தேன். இப்போதைய டேரியஸ் கணக்கில் சுமார், வாயாடி, நண்பனிடம் கடன் வாங்கிய காசைத் திருப்பித் தராமல் டபாய்க்கிறவன். முதல் ஐந்து பக்கம் அவன் பேசிக்கொண்டேயிருக்கிறான். பையைப் பற்றி ஸ்கிரிப்ட்டில் 'உள்ளே என்ன என்று தெரிய வேண்டாம்' என்று மட்டும் எழுதினேன்.

அடிக்கும் காட்சியை நான் இரண்டு பக்கம் விரிந்த ஒரே பெரிய படமாகக் கேட்டிருந்தேன். வரைய மறுத்துவிட்டார். "அழகாக வரைந்தால் யாராவது போஸ்டராக மாட்டிக்கொள்வார்கள். அசிங்கமாக வரைய எனக்குத் தெரியாது." காமிக்ஸில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை இடைவெளி இருக்கிறதே, அடி எல்லாம் அதற்குள் விழுகிறது. கட்டங்களில் இருப்பது பார்த்துக்கொண்டு நின்றவர்கள்: மளிகைப் பையை இறுக்கிப் பிடித்த ஒரு கை, பாதி இறங்கிய கடை ஷட்டர், ரிப்போர்ட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடப்போகும் இளம் போலீஸ்காரி காரின் மறுபக்கம் திரும்பி நிற்பது. அந்தப் போலீஸ்காரியும் கறுப்பினத்தவர். கதையில் யாரையும் அடிக்காதவள், ஓசிக் காபி மட்டும் குடிப்பவள். வாசகர்கள் அதிகம் கோபப்பட்டது அவள் மேல்தான்.

அச்சில் இன்னொரு அடி காத்திருந்தது. முதல் மாதிரிப் படியில் இரவுக் காட்சிகள் சேறாகிவிட்டன; டேரியஸின் முகமே காணோம். இனவெறிக்கு எதிரான கதையில் கறுப்புப் பையனின் முகம் தெரியவில்லை! 1963-இல் மார்வெலின் ஒரு போர்க்கதையில் கேப் ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சிப்பாயை, நிறம் தவறாகக் குறித்துவிட்டார்கள் என்று நினைத்து அச்சுத் தரப்பினர் வெள்ளையராக்கிய கதையைச் சொல்லி ஓவியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கறுப்புத் தோலின் நிழலுக்குக் கறுப்பு மையைச் சேர்ப்பதுதான் தவறு என்று விளக்கினார். நிழலுக்கு ஊதா, ஒளி படும் இடத்துக்குத் தெருவிளக்கின் மஞ்சளோ போலீஸ் விளக்கின் நீலமோ. அச்சின் நான்கு நிற மையும் ஒன்றன்மேல் ஒன்று அதிகம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரையில் பிரகாசமாகத் தெரிவதை நம்பாதீர்கள். இருட்டான பக்கத்தை மட்டுமாவது அதே தாளில் அச்சடித்துப் பார்த்துவிடுங்கள். எங்களுக்கு மூன்று வாரம் தாமதம்.

ஒரு பதிப்பகம் ஆர்வம் காட்டியது. கடைசிப் பக்கத்தில் சார்ஜென்ட்டுக்கு விலங்கும், ஒரு நல்ல போலீஸ்காரரின் பேச்சும் சேர்த்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மரியாதையான கடிதம்தான். 1971 மறுபடியும் வந்து கதவைத் தட்டியது. நாங்களே 300 பிரதி அச்சிட்டோம். கடைசிப் பக்கத்தில் ரூத் ஒரு கிடங்கில் நிற்கிறாள். சார்ஜென்ட் சாட்சி சொன்ன பழைய வழக்குகளின் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. அவள் முதல் பெட்டியை இறக்குகிறாள்.

சிறு பதிப்பாளர்கள் கூடும் காமிக்ஸ் சந்தையில் மேசை போட்டிருந்தோம். எட்டு வயது இருக்கும், ஒரு சிறுவன் அம்மாவின் கையை விட்டுவிட்டு வந்து இதழைப் புரட்டினான். சின்னப் பையனுக்கு ஏற்ற கதையில்லையே என்று நான் நெளிந்துகொண்டிருந்தபோது, 3-ஆம் பக்கத்தில் விரலை வைத்து, "பூனைக்குட்டி" என்றான். டேரியஸின் பையின் ஜிப் கொஞ்சம் திறந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கிறது. 14 மாதம் அந்தப் பக்கத்தைப் பார்த்தவன் நான், கவனித்ததே இல்லை. அவன் 10-ஆம் பக்கத்தையும் காட்டினான். ஒற்றை ஷூ கிடக்கும் கட்டத்தின் ஓரத்தில் ஒரு வால்.

இரவு வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கட்டமாகத் தேடினேன். 10-க்குப் பிறகு எங்கேயும் இல்லை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, இருந்தாலும் போன் செய்தேன்.

"பூனை எங்கே போயிற்று?"

"இப்போதுதான் கேட்கிறாயா?" என்றார். "அடுத்த இதழுக்கு எழுது. எனக்கும் தெரிய வேண்டும்."